ஞானேஸ்வரி தாய்லாந்துச் சமையல் படிக்கப் போன கிழமை

இல்லை, அவள் உல்லாசம் போகவில்லை. போனது உண்மை. ஒரு கிழமை முழுக்க நின்றது உண்மை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனதும் உண்மை. வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டாள், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் புருசன் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத நேரத்தில் தாய்லாந்துச் சமையல் படிக்கப் போன பெண் என்று இன்றைக்கும் பிறந்தநாள் வீடுகளில் கதைக்கிறார்களே, அவர்களுக்குக் கதையில் அரைவாசிதான் தெரியும். மற்ற அரைவாசி என் குசினிக்குள், என் அடுப்படியில் நடந்தது. அதனால் நான் சொல்லத்தான் வேண்டும்.

போன தை மாதம் இந்த டேனிஷ் நாட்டின் அரசாங்கமே இறங்கிப் போனது. தமிழ் வழக்கு, தமிழ் வழக்கு என்று ரிவியில் வேறு கதை இல்லை. புருசன் பெண்சாதியை எடுக்க எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டார்கள் என்று விசாரித்து, தலையணை அளவுக்கு ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்களாம். என் பேத்தி சாருஜா பேப்பர் பார்த்துச் சொன்னாள். அதில் ஞானேஸ்வரியின் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் நீ கொப்பியை எடு, நான் சொல்லுகிறேன் என்றேன்.

ஞானேஸ்வரி மீசாலைப் பக்கம். அவள் புருசன் அழகரத்தினம் அங்கே கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். எண்பத்தாறில் இரண்டு பேரும் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு பாங்கொக் வரைக்கும் வந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன், இப்போது இரண்டு பேருக்குத்தான் வழி இருக்கிறது, மற்றவர் பதினைந்து நாளில் வரலாம் என்றான். தாயையும் பிள்ளையையும் முன்னுக்கு அனுப்பிவிட்டு மனுசன் பின்னுக்கு நின்றார். இவர்கள் கிழக்கு பேர்லினில் இறங்கி, கப்பல் ஏறி இந்தக் கரைக்கு வந்த அடுத்த மாதமே சட்டம் மாறிவிட்டது. விசா இல்லாதவரை ஏற்ற மாட்டோம் என்று விமானக்காரர் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பதினைந்து நாள் வருசக்கணக்காக நீண்டது.

ரண்டர்ஸ் என்கிற ஊரில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் அவள் இரண்டாம் மாடி, நான் என் மகன் வீட்டாரோடு மூன்றாம் மாடி. விடிய முன்னம் வயோதிபர் இல்லம் ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்குப் போவாள். மெல்லிய உருவம், சத்தம் வராத நடை. யாரிடமும் எதையும் கேட்க வராது அவளுக்கு. வெங்காயம் முடிந்தால் வெங்காயம் இல்லாமல் சமைப்பாளே தவிர, ஒரு மாடி ஏறி வந்து கேட்க மாட்டாள். நானே மணம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த நாள் இரண்டு வெங்காயம் திரும்பி வரும்.

மாதம் ஒரு கடிதம் வரும் பாங்கொக்கில் இருந்து. அதை என் குசினியில் இருந்து வாசிப்பாள். அழகரத்தினத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் வேலை. தேங்காய் திருவுவது, பால் பிழிவது. கணக்கு எழுதின கை தேங்காய் பிழிகிறது என்று அவரே எழுதிச் சிரிப்பார். எண்பத்தேழு முடிவில் அவரை இங்கே எடுப்பதற்கு ஞானேஸ்வரி விண்ணப்பம் போட்டாள். அகதியாக ஏற்றுக்கொண்ட ஆளுக்குப் புருசனை எடுக்க உரிமை இருக்கிறது, ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். எத்தனையோ ஆறு மாதம் போனது. கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில். எங்கள் கட்டடத்தில் மட்டும் நாலு பேர் அப்படிக் காத்திருந்தார்கள்.

இனிச் சொல்லப்போகிறது எனக்கு நல்ல பெயர் தராது. ஆனாலும் எழுது என்று சாருஜாவுக்குச் சொல்லிவிட்டேன்.

எண்பத்தெட்டு மாசியில் ஒரு கடிதம் வந்தது. ஞானேஸ்வரி வாசித்துக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்று, திரும்ப வாசித்தாள்.

"இஞ்ச ஒரு புதினம் கேள். இவையள் முதற்பாலைக் கடைசியில விடுறேல்லை. முதல்லயே தாச்சியில விட்டு, அது திரைஞ்சு எண்ணெய் கக்கும் மட்டும் கொதிக்க விடுகினம். பிறகு அந்த எண்ணெயிலதான் அரைச்ச கூட்டைப் போட்டு வதக்கினம். முதல் நாள் நான் பதறிப்போய் அடுப்பை நூத்துப்போட்டன். கடைக்கார அக்காவிட்ட நல்ல ஏச்சு."

பால் திரைகிறதைக் கண்டு மனுசன் அடுப்பை அணைத்துவிட்டாராம். உங்களுக்குத் தெரியும் எங்கள் வழக்கம். தேங்காயை மூன்று தரம் பிழிவோம். பின்னால் வருகிற தண்ணிப்பால், கப்பிப்பால், அதில்தான் கறி அவியும். முதலில் பிழிந்த தடித்த பாலை மூடி ஒரு பக்கத்தில் வைத்திருந்து, எல்லாம் முடிந்து இறக்கப்போகும்போதுதான் விடுவோம். விட்டதும் ஒரே ஒரு கொதி. அதற்குமேல் நின்றால் பால் திரைந்துவிடும். திரைந்த கறியை வந்தவருக்கு வைக்க மாட்டோம். புது மருமகளின் கைப்பதத்தை மாமிமார் இதில்தான் பார்ப்பார்கள். ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவள் நான். ஒரு நாள்கூட என் கையில் முதற்பால் திரைந்ததில்லை.

அந்தத் திமிரில் சொன்னேன்: "பிள்ளை, உன்ர மனிசன் குசினிக்குள்ள நிண்டு இதை எழுதேல்லை. ஆரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். முதற்பாலைத் திரைய விடுற குசினி உலகத்தில இல்லை."

ஞானேஸ்வரி கடிதத்தை மடித்தாள். கீழ் மாடி இராசலட்சுமி அந்த நேரம் என் வீட்டில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னேரத்துக்கிடையில் நாலு மாடிக்கும் கதை போய்விட்டது. என் வாயில் இருந்து விழுந்தது ஒன்று, மாடி இறங்கினது வேறொன்று. குசினியில் நிற்கிற ஆள் இப்படி எழுத மாட்டான். அப்படியென்றால் அவன் குசினியில் இல்லை. குசினியில் இல்லாவிட்டால் எங்கே? ஒருத்தியின் வீட்டில். சமைக்கத் தெரிந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து தேங்காய்ப்பாலை வைத்தே ஒரு மனுசனைப் பொய்யன் ஆக்கிவிட்டோம். அந்த வருடம் ஆவணியோடு கடிதமும் நின்றுபோனது. பார்த்தாயா, நாங்கள் சொன்னது சரிதானே என்று எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன்.

எண்பத்தொன்பது பிறந்ததும் மேலே இருந்த மந்திரி மாறினார். அடைத்து வைத்த கதவு திறக்கிறது என்று சனம் கதைத்தது. வைகாசியில் ஞானேஸ்வரிக்கு ஒரு கடிதம் வந்தது, அரசாங்கக் கந்தோரில் இருந்து. உன் புருசன் இப்போது இருக்கிற விலாசத்தை ஆவணி முதலாம் தேதிக்கு முன்னம் தா, தராவிட்டால் விண்ணப்பத்தை மூடுகிறோம் என்று இருந்தது. அவளிடம் இருந்தது பழைய கடை விலாசம் ஒன்றுதான். அதற்கு எழுதினாள். ஆனி மாதம் அவள் எழுதிய கடிதமே பிரிக்காமல் திரும்பி வந்தது.

ஆனால் வெறுமனே வரவில்லை. உறையின் பின்பக்கத்தில் நீல மையால் யாரோ நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்கள். தாய்லாந்து எழுத்து. சுழிசுழியாக, கொக்கி கொக்கியாக, எறும்பு நிரையைப் போல. தமிழ் வாசிப்பாள், இங்கிலீஷ் வாசிப்பாள், டேனிஷும் தட்டித் தடவி வாசிப்பாள் ஞானேஸ்வரி. அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. எந்தக் கடிதத்தையும் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

நூல்நிலையத்துக்குக் கொண்டு போனாள். அங்கே தெரிந்தவர் இல்லை. வேலையிடத்தில் ஒரு வியட்னாம்காரரிடம் காட்டினாள். இது எங்களுடைய எழுத்து இல்லை, பிள்ளை என்றாராம் அவர். ரண்டர்ஸில் ஒரு தாய்லாந்துப் பெண்ணாவது அப்போது இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது, தெரிந்தவரும் எங்களுக்குத் தெரியாது. கடைசியில் டேனிஷ் படிப்பிக்கிற ரீச்சர்தான் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். அதில் உரலும் கையுமாக ஒரு பெண்ணின் படம். ஒடென்சேக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு ஹொய்ஸ்கோல, ஆடி மாதத்தில் ஒரு கிழமை தாய்லாந்துச் சமையல் வகுப்பு.

ஹொய்ஸ்கோல என்பது இந்த நாட்டுக்காரரின் ஒரு பழக்கம். வயது வந்தவர்கள், பென்சன் எடுத்தவர்கள், விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கிப் படிப்பார்கள். ஒருவர் மண்பானை செய்வார், ஒருவர் குருவி பார்ப்பார். சோதனை இல்லை, சான்றிதழ் இல்லை. எழுபது வயது மனுசர் ஆசைக்குப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேட்டபோது நான் முதலில் நம்பவே இல்லை.

இராசலட்சுமி கேட்டாள், ஒரு உறையை வாசிப்பிக்க ஒரு கிழமை வேண்டுமா என்று. நானும் கேட்டேன். போய்க் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பலாம்தானே. ஞானேஸ்வரி பிள்ளையின் சட்டைகளை மடித்து என் கட்டிலில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கேக்கப் போறவளாய்ப் போனா எனக்கு வாய் வராது ஆச்சி. படிக்கப் போறவளாய்ப் போறன். அந்த அம்மாவின்ர கையைப் பாத்துப் படிச்சுப்போட்டு, பிறகு கேப்பன்."

பிள்ளை நிலானிக்கு அப்போது ஆறு வயது. தாய் எத்தனை நாளில் வருவாள் என்று என்னிடம் டேனிஷில் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை, ஆனால் விளங்கியது. ஏழு விரல் காட்டினேன்.

இனி வருகிறது அவள் திரும்பி வந்து எனக்குச் சொன்னது. ஒரு சொல் நான் கூட்டவில்லை.

தனியாக ரெயில் ஏறியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடலாம், ரெயில் தண்ணீருக்குமேல் பறக்கிறதுபோல இருந்ததாம். ஒடென்சேயில் இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். காலையில் படிப்புத் தொடங்க முன்னம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாற்பது பேரும் எழுந்து நின்று பாடினார்களாம். சாமிப் பாட்டு இல்லை. கோடையைப் பற்றி, வயலைப் பற்றி, தண்ணீர்க் கரையைப் பற்றி. வாய் அசைக்கத் தெரியாமல் நின்ற இவளுக்குப் பக்கத்தில் நின்ற கிழவர், பன்றி வளர்க்கிற கமக்காரராம், தன் பாட்டுப் புத்தகத்தை இவள் பக்கமாகச் சரித்துப் பிடித்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக் காட்டினாராம். அந்தப் பெரிய விரலைப் பற்றி எனக்கு மூன்று தரம் சொன்னாள்.

படிப்பிக்க வந்த பெண்ணின் பெயர் பிரானி. டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டி, கோபன்ஹேகனுக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில் இருக்கிறவள். குள்ளமான உருவம், இரண்டு கையிலும் அகப்பை பிடிக்கிற வேகம். சமையல் வகுப்பில் பன்னிரண்டு பேர். பென்சன் எடுத்த தாதிமார் எலுமிச்சம்புல்லை உரலில் இடிக்கிறார்கள், கமக்காரர் பச்சைமிளகாயை அரிந்துவிட்டுக் கண்ணைக் கசக்கி அழுகிறார். ஞானேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்ததாம், ஏதோ கனவில் நிற்கிறதுபோலவும் இருந்ததாம். முதல் நாள் அவள் உறையை எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் எடுக்கவில்லை. கைப்பைக்குள் இருந்த உறை, தன்னை விடப் பாரமாக இருந்தது என்றாள்.

மூன்றாம் நாள் பச்சைக்கறி. பிரானி ஒரு தகர ரின்னை வெட்டித் திறந்தாள். மேலே வெண்ணெய்போலக் கட்டியாக நின்றது முதற்பால். எங்களுக்கு இந்த நாட்டில் தேங்காய் என்றால் பைக்கற்றில் வருகிற காய்ந்த துருவல்தான். மூன்று வருடமாக மாட்டுப்பாலை விட்டுக் கறி வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு தகரத்துக்குள் தேங்காயின் முதற்பாலை அடைத்து அவ்வளவு கடல் தாண்டிக் கொண்டுவருவார்கள் என்று யார் நினைத்தது? அந்த வாசம் பட்டதும் அவள் அடுப்புக்குக் கிட்டப் போய் நின்றாள்.

பிரானி அந்தக் கட்டிப்பாலை அப்படியே வழித்து, வெறும் தாச்சியில் போட்டு அடுப்பைக் கூட்டினாள். பால் உருகியது. கொதித்தது. ஓரத்தில் சுருங்கத் தொடங்கியது. பொரிபொரியாக, துளித்துளியாகத் திரையத் தொடங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஞானேஸ்வரியின் கை அவளைக் கேட்காமலே நீண்டது. அடுப்பை நிறுத்தி, தாச்சியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்து, பக்கத்தில் இருந்த தண்ணீரையும் விட்டுக் கலக்கிவிட்டாள்.

பிரானி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"பால் கெட்டுப்போகிறது."

"கெடவில்லை. என்னோடு நில். கையை எடுக்காமல் நில்."

இன்னொரு ரின் திறந்தாள். ஞானேஸ்வரியின் கையைப் பிடித்து அகப்பையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். பால் மறுபடி கொதித்தது, மறுபடி திரைந்தது. அந்தக் கை விடவில்லை. திரைந்த பால் ஒதுங்கி, அதற்குள் இருந்து எண்ணெய் மெல்ல மெல்ல ஊறி வந்து மேலே நின்றதாம், கண்ணாடிபோல. அதற்குள் இடித்த பச்சைக் கூட்டைப் போட்டாள் பிரானி. சீறிக்கொண்டு ஒரு வாசம் எழும்பியது. அந்த வாசத்தை எப்படி விளங்கப்படுத்துவது என்று ஞானேஸ்வரிக்குத் தெரியவில்லை. ஊரில் எங்கள் குசினிகளில் இத்தனை தலைமுறையாகக் கெட்டது என்று நாங்கள் கொட்டின இடத்தில் இருந்துதான் அவர்களுடைய கறி தொடங்குகிறது ஆச்சி என்றாள். அதுமட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

அடுத்த கணம் அவளுக்கு உறைத்தது. அடுப்பை நூத்துப்போட்டன், நல்ல ஏச்சு வாங்கினன். அவர் எழுதியது. அவர் நின்ற இடத்தில் தான் இப்போது நிற்கிறாள், அவர் செய்த பிழையையே தன் கை செய்தது. "என்ர மனிசன் பொய் சொல்லேல்லை" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அங்கே யாருக்கு விளங்கும்? கமக்காரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாராம். அவள் இருக்கவில்லை. கைப்பையில் இருந்து உறையை எடுத்து நீட்டினாள். அவள் வாழ்க்கையில் இன்னொரு ஆளிடம் கேட்டு நீட்டின முதல் கை அதுவாகத்தான் இருக்கும்.

பிரானி கையைக் கழுவி, துடைத்து, உறையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தரம் வாசித்தாள். பிறகு அந்தக் கதிரையில் அவள்தான் இருந்தாள். இருந்துகொண்டு, ஒவ்வொரு வரியாக டேனிஷில் சொன்னாள். ஞானேஸ்வரி அதை மனப்பாடமாக எனக்குச் சொன்னாள். நானும் மறக்கவில்லை.

"இந்த ஆளைப் போன மழைக்காலத்தில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. இருக்க அனுமதி இல்லை என்று சிறையில், மறியலில் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோறு கொண்டுபோகிறேன். சோறு உள்ளே போகும், கடிதம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. உன் எழுத்து எனக்குத் தெரியாது. என் எழுத்துத் தெரிந்த ஒருவர் உன் ஊரில் இருக்கட்டும். கடைக்கார அக்கா."

கீழே ஒரு ரெலிபோன் நம்பர், பக்கத்து மருந்துக் கடையினது.

நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கேயோ ஒரு சந்தில் கறி விற்கிற பெண். யாரென்று தெரியாத ஒருத்திக்கு, வாசிக்க முடியாது என்று தெரிந்தும், உறையின் பின்பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கு ஞாயிறு சோறு கொண்டுபோகிறாள். நாங்கள் இங்கே ஒரே கட்டடத்தில், ஒரே பாஷையில், நாலு மாடியிலும் இருந்துகொண்டு என்ன செய்தோம்?

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடக் கந்தோரில் இருந்து பிரானி ரெலிபோன் எடுத்தாள். அங்கே பின்னேரமாம். மருந்துக் கடைக்காரன் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். கடைக்கார அக்காவின் குரல், ஞானேஸ்வரி தள்ளி நின்றும் கேட்டதாம், அவ்வளவு சத்தம். பிரானி அழகரத்தினத்தின் பெயரைச் சொன்னதும், எந்த ஆள், முதல் நாளே என் அடுப்பை அணைத்தவனா என்று கேட்டாளாம் அவள். பிரானி சிரித்துவிட்டு, அவன் பெண்சாதி நேற்று என் அடுப்பை அணைத்தாள் என்றாளாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஞானேஸ்வரி அழுதாள். மெலிந்திருக்கிறான், ஆனால் சாப்பிடுகிறான் என்று பிரானி சொன்னாள். மறியல் விலாசத்தையும் அவருடைய இலக்கத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பச்சைக்கறி செய்முறை அடித்த தாளின் பின்பக்கத்தில்.

அது வியாழக்கிழமை. அப்படியென்றால் ஏன் சனிக்கிழமை வரைக்கும் நின்றாள் என்று கேட்பீர்கள். இராசலட்சுமி கேட்டதுதான். படிக்க வந்தவள் முடிக்காமல் வரமாட்டாள், அவள் அப்படித்தான். அதோடு, மூன்று வருடமாகப் புருசன் என்ன சாப்பிட்டார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தாள். நிலானியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு நேரே என் குசினிக்குள் போய் மேசையில் இரண்டு ரின் வைத்தாள். இராசலட்சுமியும் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றாள், வெள்ளைக்காரரோடு எப்படிப் பொழுது போனது என்று கேட்டுக்கொண்டு. ஞானேஸ்வரி என் தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தாள். ரின்னைத் திறந்து கட்டிப்பாலை வழித்துப் போட்டாள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் கொதித்தது. திரையத் தொடங்கியது. ஐம்பது வருடப் பழக்கம், சொன்னால் கேட்குமா? என் கை அடுப்புக்குப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய கை. ஆனால் என்னால் அசைக்க முடியவில்லை.

"நூக்காதேங்கோ ஆச்சி. கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தேன். எண்ணெய் வந்து நின்றது. அவள் சொன்ன கண்ணாடி. அதற்குள் கூட்டைப் போட்டாள். அந்த வாசம் வந்தபோது இராசலட்சுமி வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டாள். திரைந்த பாலைப் பார்த்துக்கொண்டே நான் பொய்யன் ஆக்கின மனுசனை நினைத்தேன். மறியலுக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்குக் காத்துக்கொண்டு இருக்கிற மனுசனை. எனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று நான் அன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவர் குசினிக்குள்ளதான் நிண்டவர்" என்றேன். "நான்தான் பிள்ளை பிழையாய்ச் சொல்லிப்போட்டன்."

ஞானேஸ்வரி அகப்பையால் கறியைக் கிளறிக்கொண்டு, "எனக்கும் அரைவாசி சந்தேகம் இருந்தது ஆச்சி. அதுதான் போய்ப் பாத்தன்" என்றாள். பிறகுதான் இருந்து எல்லாம் சொன்னாள். இராசலட்சுமியும் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்த் தனக்குப் பிடித்த அரைவாசியைத்தான் மற்றவர்களுக்குச் சொன்னாள். அதற்கு நான் என்ன செய்ய?

ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது விலாசம் கந்தோருக்குப் போனது, அந்தச் செய்முறைத் தாளோடு. பிறகும் மாதங்கள் போயின. பிரானி இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ரெலிபோனில் அங்கே கதைத்து இங்கே சொல்லுவாள். மார்கழியில் அனுமதி வந்தது. மறியலில் இருந்து அவரை நேரே விமானத்தில் ஏற்றுவார்களாம். தொண்ணூறாம் ஆண்டு மாசி, ஒரு வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு விடியற்காலை வெளியே பனி முழங்கால் அளவு. ஞானேஸ்வரி பச்சைச் சேலை கட்டி, அதற்குமேல் கனத்த கோட் போட்டு, நிலானிக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கோபன்ஹேகனுக்கு முதல் ரெயில். நடுவில் ரெயிலே கப்பலில் ஏறிக் கடல் கடக்க வேண்டும். வந்து சேர இரவாகும். அவளுடைய குசினியில் ஒரு ரின்னும் உரலில் இடித்த கூட்டும் மீனும் தயாராக இருந்தன.

"வரேக்க சாப்பாடு இருக்கவேணும் ஆச்சி. நீங்கள்தான் வைக்கவேணும்" என்றாள்.

கவனித்தீர்களா, கேட்டாள். வெங்காயம் கேட்க வாய் வராதவள்.

கப்பிப்பால் மாதிரிக் கொஞ்சத்தை முதலில் விட்டு, கடைசியில் தடித்ததை விடட்டா என்று நான் கேட்டேன். பிடிவாதம் போகுமா?

"இல்லை ஆச்சி. அவர் எழுதின மாதிரி."

கதவைத் திறந்தாள். கீழ்ப் படியில் இராசலட்சுமி, வேலைக்கு வெளிக்கிட்டவள், கையில் சைக்கிள் பூட்டுத் திறப்போடு நின்றாள். வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது, அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டாள்.

"எங்க இந்த விடியக்காலமை?"

வேறு நாளென்றால் ஞானேஸ்வரி திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போயிருப்பாள். அன்றைக்குத் திரும்பவில்லை.

"என்ர மனிசனைக் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா" என்றாள். என்னைப் பார்த்து, "போட்டு வாறன் ஆச்சி" என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். இரண்டு மாடிப் படிக்கும் அவளுடைய காலடிச் சத்தம் கேட்டது. சத்தம் வராத நடை அவளுடையது, அன்றைக்குக் கேட்டது. கீழே கட்டடக் கதவு சாத்தியது.

அன்று பின்னேரம் நான் அவளுடைய குசினிக்குள் போய் ரின்னைத் திறந்தேன். முதற்பாலை முதலில் விட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது திரைகிற மட்டும் நின்றேன்.